விஸ்காமா, மாஸ் காமா? கேமரா கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, "அக்கா, எனக்குப் படமும் எடுக்கணும், செய்தியும் எழுதணும். எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு கேட்டால் என்னிடம் இரண்டு பதில்தான். ஒன்று பி.எஸ்சி. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், சேர்ந்ததிலிருந்தே கேமராதான். இன்னொன்று, பிடித்த பாடத்தில் ஒரு டிகிரி, அப்புறம் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன். நான் போனது இரண்டாவது வழி. என் சித்தி மகன் போனது முதல் வழி. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்ததே.

காலம், கட்டணம் எல்லாம் எல்லோரும் போடும் கணக்கு. விஸ்காம் மூன்று வருடம், என் வழிக்கு ஐந்து. நான் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இரண்டுமே வீட்டுக்குப் பாரமாக இல்லை. அவன் சேர்ந்தது தனியார் கல்லூரி. காலாப்பட்டுக்கு இப்போது க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வில் முதுநிலைக்கானதை எழுத வேண்டும், எந்த டிகிரி முடித்தவரும் எழுதலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் நிலையம், அங்கே இறங்கி ஈசிஆர் பஸ் என்று தினமும் அலைவதும் பழகிவிடும்.

பழகாதது கேமரா செலவு.

சித்தி மகன் சேரும்போது "எல்லாம் காலேஜ்லயே இருக்கு" என்றார்கள். போய்ப் பார்த்தால் வகுப்பில் நாற்பது பேர், கைக்குக் கிடைப்பது இரண்டு கேமரா. இரண்டாவது செமஸ்டரில் ஆளாளுக்குச் சொந்தமாக வாங்கத் தொடங்கினார்கள். சித்தப்பாவும் தவணையில் வாங்கிக் கொடுத்தார், லென்ஸோடு சேர்த்து 70,000 ரூபாய் சொச்சம்.

வாங்குகிற விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கடலோரத்தில் அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் துவைத்த துணியே காயாது. அந்த ஈரத்தில், பையிலேயே கிடக்கும் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கும். கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரியும். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், அப்புறம் பிரித்துத் துடைத்தாலும் தழும்பு போகாது. டிரை கேபினெட் வாங்கி, உள்ளே ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் வைத்தால் பிழைக்கும். அவன் அதற்குக் காசில்லாமல் காற்றுப் புகாத டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுமாக ஆரம்பித்தான். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சூடாக்கி மறுபடி போட வேண்டும். மூன்று மாதம் செய்தான், விட்டுவிட்டான். (சித்தி அந்த வாணலியை அதன்பிறகு சமையலுக்கு எடுக்கவே இல்லை.) கடைசி வருடம் விற்கப் போனபோது கடைக்காரர் லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். சொன்னது பாதி விலைகூட இல்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தவணைதான் ஆளை வேறு பக்கம் இழுத்தது. மாதாமாதம் கட்டுவதற்காகக் கல்யாண ஆர்டர்களுக்குப் போனான். அவன் எடுக்க நினைத்த ஆவணப்படம், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலாவும் முந்திரியும் சாய்ந்த பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளைப் பற்றியது. மறுபடி நட்டு வளர்த்த ஒரு விவசாயியிடம் பேசியும் வைத்திருந்தான். ஆனால் பலா பழுத்து இறங்கும் வைகாசி, ஆனிதான் முகூர்த்த மாதங்களும். முதல் வருடம் "அடுத்த சீசன்ல எடுத்துடலாம்கா" என்றான். அடுத்த வருடமும் அதையே சொன்னான். அந்தப் பெரியவர் இப்போது போன் எடுப்பதில்லை.

நான் படித்தபோது என்னிடம் இருந்தது ஒரு நோட்டும் செல்போனும். யாரைக் கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், கேட்டதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதில்தான் அந்த இரண்டு வருடம் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, போட்டுப் பார்ப்பது வேறு. தேவனாம்பட்டினத்தில் கூடை தூக்கி மீன் விற்கும் பெண்களோடு விடிகாலையில் நடந்து எடுத்த புகைப்படக் கட்டுரை முழுக்க செல்போனில் எடுத்ததுதான். பெரிய கேமராவைக் கண்டால் புடவையைச் சரிசெய்துகொண்டு நிற்பவர்கள், செல்போன் என்றதும் பேச்சை நிறுத்தவில்லை.

சரி, அவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று அவன் என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறான். வெளிச்சம், ஒலி, எடிட்டிங் மூன்றிலும் நான் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. என் வீடியோக்களில் கடற்காற்றின் இரைச்சல் இன்னும் இருக்கிறது. சினிமா, விளம்பரம், அனிமேஷன்தான் ஆசை என்றால் விஸ்காம் பொருந்தலாம், அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. தவிர, கல்லூரிக்குக் கல்லூரி வசதி மாறும். நான் பார்த்தது ஒரே ஒரு பையனின் மூன்று வருடம்.

பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை. லீவு முடியும்வரை அவனுடைய பழைய கேமராவைக் கேட்டிருக்கிறாள், அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் அது வீட்டிலேயேதான் கிடக்கிறது. தருகிறேன் என்றிருக்கிறான், டப்பாவையும் வாணலியையும் சேர்த்து.