கடல் நத்தையா, தார்ப்பாயா?

நம்ம வேலூர் பக்கம் ஏரில ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு, பூச்சி விடலாமா ஜேசிபில அள்ளலாமானு குரூப்ல ஒரே சண்டை, அதுக்கு முன்னாடி கடல் கதையக் கேளுங்கபா. 1984ல மத்தியதரைக் கடல்ல மொனாக்கோகிட்ட காலெர்ப்பாங்கற வெளியூர்க் கடல்பாசி கண்ணுல பட்டுச்சு, பரவினதும் அதைத் தின்ன கரீபியன்ல இருந்து எலிசியானு ஓடில்லாத நத்தைய விடலாம்னு பேச்சு வந்துச்சு. 2000ல கலிபோர்னியால அதே பாசி வந்தப்போ தார்ப்பாய் போட்டு மூடி உள்ள குளோரின் விட்டாங்க.

செலவு: நத்தை கம்மி. தார்ப்பாய்க்கு டைவர், படகுனு கோடிக்கணக்குல போச்சு.

வேகம்: தார்ப்பாய்தான், 2006ல பாசி ஒழிஞ்சுதுனு அறிவிச்சாங்க. எலிசியா வெப்பக் கடல் ஜீவன், மத்தியதரைக் கடல் குளிர் தாங்காது.

ரிஸ்க்: குளோரின் தார்ப்பாய்க்கு அடில இருக்கற எல்லாத்தையும் கொல்லும், ஆனா அந்த இடத்தோட சரி. நத்தைய விட்டா திரும்பப் புடிக்க முடியாது, அங்கயே பொறந்த காலெர்ப்பா வகையையும் மேயலாம். இன்னொண்ணு, மத்தியதரைக் கடலோட சொந்த நத்தை லோபிகர் கடிச்சுப் போட்ட துண்டுங்களே புதுப் பாசியா முளைக்குது, இதுக்கு இன்னா சொல்றீங்க?

சின்னத் திட்டா இருந்தா தார்ப்பாய். கடல் பூரா பரவிட்டா நத்தை ஆசை வரும், ஆனாலும் தொட்டில விட்டுப் பாக்காம எறக்கவே கூடாது.

நம்ம ஏரிக்கு? ஓரமா இருந்தா அள்ளிடுங்க. முழுசா மூடிட்டா 1980கள்லயே இந்தியாவுல விட்ட தென் அமெரிக்க கூன்வண்டு கீது, மெதுவாத்தான் தின்னும்.