சரளை பூமியில் கேரட்: சில வருட அனுபவம்

செட்டிநாட்டு வெயிலில் கேரட் வருமா? வரும், ஆனால் வருஷத்துக்கு ஒரே போகம். கோட்டையூர் வீட்டின் பின்கட்டில் சில வருடங்களாக விதைத்து வருகிறேன். ஊட்டி கேரட்டின் நீளத்தையும் நிறத்தையும் எதிர்பார்ப்பவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் தலைவலி மண். செம்மண்ணில் கிடக்கும் சரளையில் வேர் முட்டினால் கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். மக்காத சாணம் போட்டாலும் அப்படித்தான். அதனால் ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில், சலித்த செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்புகிறேன்.

விதைப்பு கார்த்திகையில், அடைமழை ஓய்ந்த பிறகு. ஐப்பசி மழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஒரு வெயில் அடித்தால் மேல்மண் பொருக்குத் தட்டி, முளை வெளியே வர முடியாது. விதை ரொம்பப் பொடி. காய்ந்த மணலோடு கலந்து கோடு போட்டுத் தூவி, அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். மேலே ஈரச் சாக்கு. ஒரு வாரம் ஆனதும் தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முளை தெரிந்த அன்றே எடுத்துவிடணும், தாமதித்தால் வெளுத்து நீண்டுவிடும். முளைத்த புதிதில் இரண்டு மெல்லிய இலைதான், அசல் புல் மாதிரி. களை எடுக்க வரும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்! நாற்று விட்டுப் பிடுங்கி நடும் வேலை கேரட்டுக்கு ஆகாது. நெருக்கமாக வந்ததைக் கலைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட வேண்டும். மனசு வராது, ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

ரகங்களில் நான்டிஸ் ருசி, ஆனால் தை வெயிலிலேயே சோர்ந்துவிடுகிறது. குரோடா கட்டையாக வந்தாலும் தாக்குப்பிடிக்கிறது, என் ஓட்டு அதற்கே. கேரட் நிறம் கட்ட 15 முதல் 20 டிகிரி வேண்டும். நம்மூரில் மார்கழி இரவுகள்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. அதனால் நிறம் சற்று வெளிர்தான். கிழங்கின் தோள், அதாவது தழை கிளம்பும் மேல்முனை, மண்ணுக்கு மேலே தெரிந்தால் பச்சையாகிக் கசக்கும், மண் அணைத்துவிடுங்கள்.

மாசி முடிவதற்குள் பிடுங்கிவிடுகிறேன். பங்குனி வரை விட்டால் கிழங்கின் நடுப்பகுதி மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். இளம் தழையைப் பாசிப்பருப்போடு பொரியல் செய்யலாம். காலியான தொட்டியில் வெண்டை போட்டுவிட்டால் கோடையும் ஓடிவிடும்.