மார்க்அப்பை மறைப்பது வேறு, தராமல் இருப்பது வேறு: ஏபிஐ வழிகள் ஓர் ஒப்பீடு

டிராயிங்கில் ஒரு பீமைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு, "ஆழம் போதாது போல, செலவு நம் தலையில் விழுமா பார்" என்று நமக்குள் எழுதி வைத்த குறிப்பு சப்-கான்ட்ராக்டர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால்தான் கட்டுமான டிராயிங்குகளைப் பகிர்ந்து பார்க்கும் மென்பொருள்களான புரோகோரிலும் சரி, ஆட்டோடெஸ்க் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிளவுடிலும் சரி, மார்க்அப்பை, அதாவது டிராயிங் மேல் போடும் இப்படிப்பட்ட குறிப்பை, வரைந்தவர் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, தயாரானதும் பப்ளிஷ் செய்யும் ஏற்பாடு இருக்கிறது. பத்து ஷீட் என்றால் கையாலேயே செய்துவிடலாம். முந்நூறு ஷீட், ஒவ்வொன்றிலும் நாலைந்து குறிப்பு என்றால் ஏபிஐ (ஒரு மென்பொருளோடு இன்னொரு நிரல் நேரடியாகப் பேசும் வாசல்) வழியாக வேலை செய்யும் ஸ்கிரிப்ட்தான் கதி.

இதற்கு மூன்று வழிகள் புழங்குகின்றன. மூன்றையும் "விசிபிலிட்டி மாற்றம்" என்றே சொல்கிறார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பம்.

முதல் வழி, சர்வரில் இருக்கும் மார்க்அப்பின் நிலையையே மாற்றுவது. அந்த மார்க்அப்பின் ஐடிக்கு ஒரு பேட்ச் கோரிக்கை (பொருளின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது) அனுப்பி, யார் பார்க்கலாம் என்ற புலத்தை மட்டும் திருத்துகிறோம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் திரையில் பொத்தான் இருப்பதாலேயே ஏபிஐயிலும் அது இருக்கும் என்று நம்பி வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிவிடாதீர்கள். படிக்க மட்டும் விட்டு, எழுத விடாத புலங்கள் நிறைய உண்டு. அடுத்தது டோக்கன், அதாவது கோரிக்கையோடு அனுப்பும் அனுமதிச் சீட்டு. செயலியின் பெயரில் வாங்கும் டோக்கனுக்குப் பின்னால் ஆள் யாரும் இல்லை, தனிப்பட்ட மார்க்அப்போ ஓர் ஆளுக்குச் சொந்தமானது. அதனால் வரைந்தவரே லாகின் செய்து அனுமதி கொடுத்த டோக்கன் இல்லாமல் அவருடைய குறிப்பு பட்டியலிலேயே வராமல் போகலாம். நேரடியாக ஐடியைக் கேட்டாலும் 403க்கு (அனுமதி இல்லை) பதில் 404 (அப்படி எதுவும் இல்லை) வரலாம், ஏனென்றால் உரிமை இல்லாதவருக்கு ஒரு பொருள் இருப்பதையே காட்டாமல் மறைக்க எச்டிடிபி விதி சர்வருக்கு இடம் கொடுக்கிறது. ஒரு தடவை அரை நாள் முழுக்க ஐடி தப்பு, ஐடி தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன். ஐடி சரியாகத்தான் இருந்தது, டோக்கன்தான் வேறு ஆளுடையது.

பேட்ச் இல்லாமல் புட் மட்டும் இருந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். புட் என்றால் முழுப் பொருளையும் திருப்பி எழுதுவது. நீங்கள் காலையில் எடுத்து வைத்த பிரதியை மதியம் அனுப்பினால், இடையில் இன்ஜினியர் திருத்திய வாசகம் போச்சு. ஈடேக் (பொருளின் பதிப்பு அடையாளம்) தரும் சர்வராக இருந்து, அந்தப் பதிப்பு மாறாவிட்டால் மட்டும் எழுது என்னும் இஃப்-மேட்ச் தலைப்பையும் அது மதித்தால் பிழைத்தீர்கள், மாறியிருந்தால் 412 சொல்லி நிறுத்திவிடும். பெரிய தொகுதியாக அனுப்பும்போது 429 (கோரிக்கைகள் அதிகம்) வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் எது மாறியது, எது மாறவில்லை என்று ஐடி வாரியாக எழுதி வைக்க வேண்டும். பாதியில் நின்றால், 140 குறிப்புகள் வெளியே, மீதி உள்ளே என்று ஒரு டிராயிங் செட் கிடக்கும், சைட்டில் இருப்பவர் அதையே முழுசு என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது வழி வியூவரில், அதாவது டிராயிங்கைப் பிரவுசரில் காட்டும் பகுதியில், மறைப்பது. ஆட்டோடெஸ்க் வியூவரின் மார்க்அப்ஸ்கோர் நீட்சி குறிப்புகளை எஸ்விஜி (படத்தை எழுத்தாக விவரிக்கும் வடிவம்) வாசகமாக வாங்கி, லேயர் ஐடி கொடுத்து ஏற்றுகிறது. ஷோமார்க்அப்ஸ், ஹைட்மார்க்அப்ஸ் என்று இரண்டு அழைப்புகளில் லேயர் வரும், போகும். வேகமானது, சர்வரைத் தொடுவதே இல்லை, தப்பானால் பக்கத்தை மறுபடி ஏற்றினால் போதும். மீட்டிங்கில் எலெக்ட்ரிக்கல் குறிப்புகளை மட்டும் காட்டு, பிளம்பிங்கை அணை என்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ரகசியத்துக்கு மட்டும் சுத்தமாக உதவாது. குறிப்பு ஏற்கெனவே அவர் பிரவுசருக்குள் வந்துவிட்டது, டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த யாரும் நெட்வொர்க் பக்கத்தில் அப்படியே படித்துவிடலாம். திரை போட்டு மறைத்த ஜன்னல் பூட்டிய ஜன்னல் ஆகாது.

மூன்றாவது, பிடிஎஃப் ஆக வெளியே அனுப்பும்போது அங்கே கொடிகளை (எங்கே தெரியும், எங்கே தெரியாது என்று சொல்லும் அடையாளங்களை) வைப்பது. பிடிஎஃப்பில் ஒவ்வொரு குறிப்புக்கும் எஃப் என்ற எண் உண்டு: 2 என்றால் திரையிலும் அச்சிலும் வராது, 4 என்றால் அச்சில் வரும், 32 என்றால் திரையில் வராது. 4ஐயும் 32ஐயும் கூட்டி 36 வைத்தால் திரையில் இல்லாதது பேப்பரில் மட்டும் வரும். எஃப் என்ற எண்ணே இல்லாவிட்டால் மதிப்பு 0, அதாவது திரையில் தெரியும், அச்சில் வரக்கூடாது. "கம்ப்யூட்டரில் இருக்கிறது, பிரின்டில் இல்லை" என்ற புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். குறிப்புகளை லேயராகக் கட்டி அணைக்கும் வசதி பிடிஎஃப் 1.5இலிருந்து இருக்கிறது. ஆனால் இங்கேயும் வியூவர் கதைதான், 2 வைத்த குறிப்பு கோப்புக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கொடியைத் திருப்பினால் மேலே வந்துவிடும். ஃபிளாட்டன் செய்கிறேன் என்பவர்கள் முதலில் வேண்டாத குறிப்புகளை அழித்துவிட்டுச் செய்யட்டும், ஏனென்றால் தெரியும் குறிப்பு பக்கத்தோடு பக்கமாக ஒட்டிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

ஃபோல்டர் அனுமதியை வைத்து மறைக்கலாமே என்றும் சிலர் கேட்பார்கள். அதில் டிராயிங்கும் சேர்ந்து மறையும், அவ்வளவுதான்.

முதல் வழிக்கே ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்வரில் நிலையைத் திரும்பத் தனிப்பட்டதாக மாற்றினாலும், இடையில் போன மின்னஞ்சல் அறிவிப்பையோ, டேப்லெட்டில் ஆஃப்லைனுக்காக இறக்கி வைத்த பிரதியையோ, வெப்ஹுக் (மாற்றம் நடந்ததும் தானாகப் போகும் செய்தி) வழியாக வேறு மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்த தரவையோ அது திரும்ப வாங்காது. அதனால் என் ஸ்கிரிப்டில் தனிப்பட்டதைப் பொதுவாக்கும் திசைக்கு மட்டும் ஒரு வெள்ளோட்டம் கட்டாயம்: எதையும் மாற்றாமல், எந்த ஷீட்டில் யாருடைய எந்த வாசகம் வெளியே போகப்போகிறது என்று பட்டியல் போட்டு, அதை வரைந்தவருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் முதல் பேட்ச் போகும்.