பழைய டிராக்டர், டோசர்களில் கிராங்க் ஏன் முறிகிறது: குமரி மாவட்டப் பயன்பாட்டு அனுபவம்

தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தொழியடிக்கிற (சேறு கலக்கி உழுகிற) மூன்று சிலிண்டர் டிராக்டர்களும், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மறுநடவுக்குச் சரிவில் தளம் வெட்டுகிற ஆறு சிலிண்டர் டோசர்களும், வயசானவை என்றாலும், உழைப்பில் குறை வைப்பதில்லை. பிஸ்டன்களின் உதையைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் முறிந்தால் மட்டும் "பழைய வண்டி, இரும்பு செத்துப்போச்சு" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரும்பு அப்படியெல்லாம் சாகாது. கம்பெனியில் வந்த அளவிலேயே முறிகிற கிராங்க் குறைவு. தேய்மானத்துக்காக லேத்துக்குப் போய்க் கிரைண்டிங் செய்து திரும்பியதுதான் பெரும்பாலும் முறிகிறது.

முறிந்த கிராங்கை ஆக்கர்க்கடைக்குப் போடும் முன் உடைந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் தொடங்கி, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பட்டை மாதிரி வளைந்த வரிகள் வழவழப்பாகப் பரவியிருக்கும். மீதி இடம் சொரசொரப்பாக, பொடி மின்னலோடு இருக்கும். வழவழப்பான பகுதி மெல்ல வளர்ந்த விரிசல். சொரசொரப்பு, கடைசி நொடியில் பிளந்தது. வரிகள் தொடங்கும் மூலை ஜர்னலும் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) வெப்பும் (ஜர்னல்களை இணைக்கும் கை) சேரும் இடமாக இருந்தால் அங்கே கிராங்க் வளைந்து கொடுத்திருக்கிறது. ஆயில் துளையிலிருந்து சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில் ஓடியிருந்தால் முறுக்கு அதிர்வு.

ஜர்னலும் வெப்பும் சேரும் அந்த மூலை கூர்மையாக இருக்கக்கூடாது, உருண்டையான ரேடியஸ் இருக்க வேண்டும். கிராங்கின் ஆயுள் அதில்தான். கிரைண்டிங் கல்லின் ஓரத்தை அந்த ரேடியஸுக்கு உருட்டி டிரெஸ் செய்யாமல் நேராக இறக்கினால் மூலையில் படி விழும். அளவு மைக்ரோமீட்டரில் சரியாகவே காட்டும், வண்டியும் ஓடும். ஆனால் ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் அந்தப் படியில் போய்க் குவியும். லேத்திலிருந்து கிராங்கை வாங்கும்போது ரேடியஸ் கேஜ் வைத்து எல்லா மூலையையும் பாருங்கள். நகத்தால் வருடினாலே படி தட்டும். ஆயில் துளையின் வாயும் மழுக்கி, பாலிஷ் போட்டிருக்க வேண்டும்.

பெர்கின்ஸ் ஏடி3.152 வரிசை மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிராங்க்பின் (பிஸ்டனின் கன்ராடு பிடிக்கும் ஜர்னல்) ஸ்டாண்டர்ட் அளவு 57.11 முதல் 57.12 மிமீ, மெயின் ஜர்னல் (பிளாக்கில் உட்காருவது) 69.81 முதல் 69.82 மிமீ. அதைவிடப் பத்து, இருபது, முப்பது தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) குறைத்துக் கிரைண்ட் செய்ததுக்கு வரைக்கும் பேரிங் கிடைக்கும். முப்பதும் தாண்டியதை வெல்டிங் வைத்து ஏற்றித் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணமே மாறி, அங்கேயே விரிசல் பிறக்கும். பேரிங் பிடித்து ஜர்னல் நீலம் பாய்ந்த கிராங்கையும் கிராக் டெஸ்ட் பார்க்காமல் கல்லில் ஏற்றக்கூடாது. மேக்னட் டெஸ்ட் வசதி இல்லையென்றால் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் போதும். நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்குவது) செய்த கிராங்காக இருந்தால் கடினமான மேல்தோல் மிக மெல்லியது. கிரைண்டிங்கில் அது போனால் மறுபடி நைட்ரைடிங் செய்தாக வேண்டும்.

கிராங்கை மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கை விட்டுவிடுவது அடுத்த தவறு. மெயின் பேரிங் உட்காரும் சேடில்கள் ஒரே கோட்டில் இல்லையென்றால், புதுக் கிராங்க் போட்டாலும் சுற்றுக்கு ஒருமுறை வளைந்து நிமிரும். பேரிங்கை மேலிருந்து பிடிக்கும் தொப்பிகளைக் கழற்றி, சேடில்கள் நெடுகிலும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, 0.05 மிமீ ஃபீலர் எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் லைன் போரிங், அதாவது சேடில்களை ஒரே கோட்டில் குடைந்து சரிசெய்ய வேண்டும். தொப்பிகளை இடம் மாற்றிப் போட்டாலும் இதே கதைதான்.

மழை இங்கே இரண்டு பருவம். நிமிர்ந்த சைலன்சரின் வாயை மூடாமல் ராத்திரி வெளியில் நிறுத்தினால், எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். காலையில் செல்ஃப் அடித்ததும் கன்ராடு வளையும், கிராங்குக்கும் அடி விழும். ஒரு சிரட்டையைக் கவிழ்த்தாலே போதும். ஃபீடு பம்பின் டயஃப்ராம் கிழிந்தால் டீசல் நேராக ஆயில் சேம்பருக்குப் போகும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், முகர்ந்து பாருங்கள். சேற்றில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) புதைய, மேல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் திணறவிடுவதும், நாசில் ஒழுகி ஒரே சிலிண்டர் தட்டுவதும் கிராங்கைத் தின்னும். டோசர் செங்குத்துச் சரிவில் நிற்கும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை இழுக்கும். ஆயில் கேஜ் முள் இறங்கினால் உடனே சமதளத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஆறு சிலிண்டர் டோசரில் முன்பக்கம் இருக்கும், முறுக்கு அதிர்வைத் தணிக்கும் டேம்பரை யாரும் கண்டுகொள்வதில்லை. ரப்பர் டேம்பர் என்றால் உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் உள்ள குறிக்கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள்; கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனியின் கணக்கில் 1.59 மிமீக்கு மேல் விலகினால் மாற்ற வேண்டும். சிலிக்கான் திரவம் உள்ள டேம்பரில் காலப்போக்கில் அந்தத் திரவமே கட்டியாகிவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது. சுத்தியல் பட்டு உறை நசுங்கியிருந்தாலும் அது வேலைக்கு ஆகாது. செகண்ட்ஸ் டேம்பர் வாங்கிப் போடுவது வீண் செலவு.

சாய்வாக முறிந்த கிராங்க் உடனே நிற்காது. இரு துண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொஞ்சம் ஓடும். கிளட்ச் மிதித்தால் தட்டல் சத்தம் மாறும், முன் புல்லி ஆடும், பின் ஆயில் சீல் திடீரென்று ஒழுகும். ஃப்ளைவீல் போல்ட் தளர்ந்தாலும் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் முதலில் போல்ட்டை முடுக்கிப் பார்த்து, டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளந்துவிட்டு, அப்புறம் சேம்பரைக் கழற்றுங்கள்.

திரும்பக் கோர்க்கும்போது கன்ராடு போல்ட் புதிதாகப் போடுங்கள். கிராங்கின் ஆயில் துளைகளைக் கம்பி பிரஷ் விட்டு டீசலில் கழுவி, காற்றடியுங்கள்; கிரைண்டிங் தூள் ஒளிவது அங்கேதான். ஒவ்வொரு தொப்பியும் டார்க் வைத்ததும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் அந்தத் தொப்பியைத் திரும்பக் கழற்றுங்கள். எல்லாம் முடிந்தபின் டீசலை அடைத்துவிட்டு, ஆயில் கேஜ் முள் எழும்வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடித்து, அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.