பிரேக் சத்தம்: சுத்தம் செய்தால் போதுமா, பேட் மாற்றுவதா, டிஸ்க்கில் கை வைப்பதா?

பிரேக் சத்தம் என்று காரைக் கொண்டுபோய் விட்டால், கடைக்குக் கடை தீர்வு மாறும். ஒருவர் கழற்றி எமரி தேய்த்து மாட்டிவிடுவார். இன்னொருவர், பிரேக் பிடிக்கும்போது உரசும் கட்டைகளான பேட் செட்டை மாற்றச் சொல்வார். மூன்றாமவர், சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டான டிஸ்க்கே போய்விட்டது என்பார். மூன்றும் சரியான வைத்தியம்தான். எந்தச் சத்தத்துக்கு எது என்பதில்தான் காசு வீணாகிறது.

முதலில், செலவே தேவைப்படாத சத்தம். மழையில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும் வரும் கரகரப்பு, வார்ப்பிரும்பு டிஸ்க்கில் இரவோடு இரவாகப் பிடித்த மெல்லிய துரு. நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பிரேக் மிதிக்காமலே ஓயாமல் உராய்கிறதா? டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே பொடிக்கல் சிக்கியிருக்கலாம். இதற்கெல்லாம் யாராவது பேட் மாற்றச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

அடுத்து, மெதுவாகப் போய் லேசாக மிதிக்கும்போது வரும் ‘கிரீச்’. பேட் உரசும் வேகத்தில் அதிர்ந்து, அந்த அதிர்வு டிஸ்க்கையும் சேர்த்துப் பாட வைக்கிறது. பேட்டில் சதை, அதாவது உரசித் தேயும் பகுதி, நன்றாக இருந்தால் சுத்தம் செய்வதே போதும். ஆனால் பல இடங்களில் ‘சுத்தம்’ என்றால் பேட்டின் முகத்தை எமரியில் நாலு இழுப்பு இழுப்பது, அவ்வளவுதான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி பேட்டின் முகம் கண்ணாடி போல் மின்னினால் அந்த எமரி உதவும். மற்றபடி சில நாளில் சத்தம் திரும்பிவிடும்.

ஏனென்றால் கோளாறு பெரும்பாலும், பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரில் இருக்கும். காலிப்பர் முன்னும் பின்னும் நகர ஸ்லைடு பின்கள் உண்டு. அவை காய்ந்து இறுகினால், பிரேக்கை விட்ட பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடும். உள்பக்கப் பேட் தேய்ந்து, சதைக்குப் பின்னுள்ள இரும்புத் தகடு தெரியும். வெளிப்பக்கப் பேட் தடிமனாகவே நிற்கும். வீல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து ‘பேட் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்பவர் பார்ப்பது அந்த வெளிப்பக்கத்தை மட்டும்தான்! பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப்போகும். என் கணக்கில் மூன்று வழிகளில் இதுவே மலிவு, இதையே அதிகம் பேர் தவிர்க்கிறார்கள்.

பேட் மாற்றியே ஆகவேண்டிய சத்தம் வேறு மாதிரி. பல பேட்களில் ஒரு சிறிய இரும்பு நாக்கு இருக்கும். சதை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு, வண்டி ஓடும்போதே மெல்லிதாகக் கீச்சிடும். மலிவு பேட்களில் அந்த நாக்கே இருக்காது; அவை முன்னறிவிப்பில்லாமல் ‘கர்ர்’ என்று இரும்போடு இரும்பு உரசும் கட்டத்துக்கே போய்விடும். அதற்குப் பிறகு ஓட்டாதீர்கள்.

மாற்றும்போது எந்தப் பேட்? செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், மலைப்பாதைக்கு நல்லது, ஆனால் சத்தம் அதற்குக் கூடப்பிறந்தது. ஆர்கானிக் அமைதியானது, சீக்கிரம் தேயும். செராமிக்கில் சத்தமும் கறுப்புத் தூசியும் குறைவு, விலைதான் இடிக்கும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு, கம்பெனி போட்டுத் தந்த அதே ரகம் போதும்.

டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். நகம் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளம் இருந்தாலோ, வேகத்தில் பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் உதறினாலோ அதில் கை வைக்கலாம். லேத்தில் கொடுத்துக் கடைவதா, புதிது போடுவதா என்பதை டிஸ்க்கே சொல்லும்: குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். புதிய கனத்தைவிட அது சுமார் 2 மி.மீ. மட்டுமே குறைவு என்பதால், கடைய அதிக இடமில்லை. கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் நின்றால் லேத் லாபம். இல்லாவிட்டால் புதியதுதான், அதுவும் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. எதைப் போட்டாலும், டிஸ்க் உட்காரும் ஹப்பில் உள்ள துருவைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் டிஸ்க் நேராக உட்காராது, உதறல் திரும்ப வரும்.

பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் என்றால் கதை சின்னது: திறந்து தூசியைத் துடைத்து, உள்ளே உரசும் லைனிங்கின் கனம் பார்த்தால் பாதிச் சத்தம் அடங்கும்.

புதுப் பேட் போட்டு வெளியே வந்ததும் காலி ரோட்டில் அறுபதிலிருந்து பத்துக்கு நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டுப் பத்துமுறை செய்யுங்கள். பேட் டிஸ்க்கோடு படிய அது வேண்டும். அதைச் செய்யாமல் கிரீச் வந்தால், பழி பேட் கம்பெனி மேல்தான் விழும்.