சீனத்துப் புகைபோக்கி: நான்கு குளிர்காலங்களுக்குப் பிறகு

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் வீடு வாங்கப்போகும் மச்சான் நேற்றுத் தொலைபேசியில் கேட்டார்: "உங்கள் குசினியில் அடுப்புக்கு மேல் புகையை இழுக்க இருக்கிறதே, அந்தச் சீனத்துப் புகைபோக்கி, அது நல்லதா?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன கிழமைதான் அதன் பொத்தான் பலகை பழுதாகி, திருத்த வந்தவர் இருபது நிமிட வேலைக்கு 180 டொலர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அந்தக் கடுப்பில் வாயைத் திறந்தால் நியாயமாகப் பேசமாட்டேன் என்று எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். எழுதும்போது மட்டும் நியாயமாக வரும் என்றில்லை.

அகலம், வேகம், உத்தரவாதக் காலம் எல்லாம் கடைக்காரர் தரும் தாளில் இருக்கும். அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

மச்சானுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: என் மனைவி செங்டுக்காரி, சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரில் பிறந்து வளர்ந்தவள். படிக்க ரொறன்ரோ வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். வந்த புதிதில் அவளைத் திகைக்கவைத்தவை நிறைய. மார்கழிக் குளிரிலும் உணவகத்தில் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் கணக்கில் கொதிக்கவைத்த வெந்நீர்தான் தண்ணீர். பொருளில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, 13 சதவீத வரியோடு காசாளர் கேட்பது இன்னொன்று. ஊரிலிருந்து சுமந்துவந்த சோற்றுக் குக்கர் 220 வோல்ட்டுக்குச் செய்தது. இங்குள்ள 120 வோல்ட்டில் அது அரிசியை வெதுவெதுப்பாக ஊறவைத்ததோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. இவையெல்லாம் இரண்டு மூன்று வருடங்களில் பழகிவிட்டன. ஐஸ் தண்ணீரைக்கூட இப்போது குடிக்கிறாள். பழகாதது குசினிதான்.

செங்டுவில் குசினி என்பது கதவு வைத்து அடைத்த ஓர் அறை. சமைக்கும்போது கண்ணாடிக் கதவை இழுத்து மூடிவிட்டால் புகையும் சத்தமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இங்கே குசினியும் கூடமும் ஒரே வெளி. வீடு விற்பவர்கள் அதைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். சீன மொழியில் சமையல் எண்ணெயிலிருந்து எழும் புகைக்கென்றே தனிச் சொல் இருக்கிறது, 'யோயென்' என்பார்கள். புகைபோக்கிக்குப் பெயரே 'யோயென்ஜி', எண்ணெய்ப்புகை இயந்திரம். நாங்களும் ஆயிரம் வருடமாகத் தாளிக்கிறோம், குறுந்தொகையில் அதற்குக் 'குய்ப்புகை' என்றொரு சொல்லும் இருக்கிறது, நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது அடுப்புக்கு மேல் தொங்கும் மைக்ரோவேவ். அதன் அடியில் ஒரு விசிறி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஹுயிகுவோரோ செய்வாள். 'சட்டிக்குத் திரும்பிய இறைச்சி' என்று பொருள்: பன்றி இறைச்சியை முதலில் அவித்து, மெல்லிதாக அரிந்து, மறுபடி தாச்சியில் போட்டு வாட்டுவது. அதில் தோபான்ஜியாங் சேரவேண்டும். அவரை விதையும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த அந்தச் சிவப்பு விழுது சூடான எண்ணெயில் விழுந்த மறுநிமிடம் புகை அலாரம் அலறும். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் அலாரம் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். நல்ல சட்டம்தான். நான் கதிரையில் ஏறி நின்று வெட்டுப்பலகையால் அலாரத்துக்கு விசிறுவேன். அவள் ஒரு கையால் கிளறியபடியே மறுகையால் ஜன்னலைத் திறப்பாள். வெளியே மைனஸ் பதினெட்டு. சாப்பிட உட்காரும்போது இருவரும் ஜாக்கெட் போட்டிருப்போம். இதில் அவளைப் பரிகசிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் அம்மா கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்த அன்றும் அதே அலாரம் அதே பாட்டைத்தான் பாடியது.

மூன்றாம் வருடம்தான் ஒருநாள் அவள் அந்த மைக்ரோவேவின் மேல்விளிம்பில் கையை வைத்துப் பார்த்தாள். சூடான, பிசுபிசுத்த காற்று நேரே முகத்தில் அடித்தது. வெளியே போகும் குழாயே இல்லை. அடியில் இழுத்த புகையைக் கரி வடிகட்டி ஒன்றின் வழியாக விட்டு, எங்கள் முகத்துக்கே திருப்பி ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. வீடியோவில் பார்த்த மாமியார் சிரித்த சிரிப்பை மொழிபெயர்க்கச் சொன்னேன். மனைவி மறுத்துவிட்டாள்.

நான் சிரிக்காதது கோட்டு விஷயத்தில். எண்ணெய் வாசம் குளிர்காலக் கோட்டில் ஏறினால் இலேசில் போகாது. ஷெப்பர்ட் வீதிப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஒருநாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாராம். ஏன் போனார் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தாச்சியை அடுப்பில் வைக்கும் முன் கோட்டைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் காரின் பின்பெட்டியில் வைத்துவிடுவாள். காலையில் அதை எடுத்து உதறினால் விறைத்த கைகள் இரண்டும் தகரம்போல நிற்கும். அதற்குள் கையை நுழைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். இரண்டு குளிர்காலம் இப்படி.

அதனால்தான் இதை வாங்கினோம். சுவரில் துளை போட்டு ஆறு அங்குலக் குழாய் வைத்த கூலியோடு 2,300 டொலர். பழையது நிமிடத்துக்கு 300 கன அடி காற்றை இழுப்பதாகச் சொல்லிக்கொண்டது, இது 850. சொன்னதைச் செய்கிறது. மிளகாய் எண்ணெயில் விழும்போது எழும் புகை வளைந்து உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கலாம். அலாரம் நான்கு வருடமாக ஊமை. அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது, பிரித்தெடுத்த எண்ணெய் அதில் சொட்டும். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, பனம்பாணிபோல் தடித்த அந்த மண்ணிறத்தை மாமியாருக்கு வீடியோவில் சாய்த்துக் காட்டுவாள். பரீட்சை முடிவைக் காட்டும் பிள்ளையின் முகம் அப்போது.

இனிக் குறைகள். வெளிச்சுவரில் குழாயின் வாயில் ஒரு தகரத் தட்டி இருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வராமல் தடுப்பதற்கு. வடக்குக் காற்று அடிக்கும் இரவுகளில் அது டக், டக் என்று அடித்துக்கொள்ளும். ஒரே சீராக அடித்தாலாவது தூங்கலாம். இரண்டு அடி, ஒரு நிமிட மௌனம், பிறகு ஐந்து அடி. காந்தம், ரப்பர், பசைநாடா எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். நான்கு குளிர்காலமாக நான் அதோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பேசும் சொற்களை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று விளையாட்டல்ல. இவ்வளவு காற்று வெளியே போனால் ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தே ஆகவேண்டும். முதலில் கதவிடுக்கால் வந்து என் காலைக் கடிக்கும். குளிருக்காக இறுக்கி அடைத்த சில வீடுகளில் எரிவாயு வெந்நீர்த் தொட்டியின் புகைக்குழாய் வழியே கழிவு வாயுவையே திருப்பி இழுத்துவிடும். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கலாம். மச்சான், வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்: காசு கொடுக்கும் முன் நிலவறைக்குப் போய் உங்கள் தொட்டி எந்த வகை என்று தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

என் உண்மையான கோபம் இதற்கு அப்பால் இருக்கிறது. சென்ற மாசியில் மனைவி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். காலையில் அவளே சமைத்து வைத்துவிட்டுப் போன வீடு. "யாரும் சமைக்காத வீடுபோல் இருக்கிறது" என்றாள். செங்டுவில் மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் என்ன கறி என்று சொல்லிவிடுவாளாம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மிகக் குறைந்த வேகத்தில்தான் ஓடவிடுகிறாள். 2,300 டொலர் கொடுத்து வாங்கிய 850 கன அடியை பழைய மைக்ரோவேவின் வேகத்தில்! போன ஞாயிறு, பொத்தான் பலகை திருத்திய நான்காம் நாள், அதையும் போடவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

ஆகவே, மச்சான், இயந்திரத்தில் பிழை சொல்ல எதுவும் இல்லை. வாங்காதீர்கள். என்னை அடுத்த மாதம் கேட்டால் வேறு பதில் வரலாம், ஆனால் நீங்கள் கேட்டது இந்த மாதம். நாளை காலை எனக்கு வேலை இருக்கிறது, அவள் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள், நான் என் கோட்டைக் காரில் வைத்துவிட்டு வருகிறேன்.