ரேவல்ரி: குழந்தை உடுப்புக்குப் பேட்டர்ன் தேடுவோர் கவனத்துக்கு

நிட்டிங் (இரு ஊசிப் பின்னல்), குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) இரண்டுக்கும் பேட்டர்ன், அதாவது பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பு, தேடுவோர் கடைசியில் வந்து சேரும் தளம் ரேவல்ரி. 2007-இல் தொடங்கியது. கணக்குத் திறக்கக் காசு கிடையாது. பேட்டர்ன்களில் சில இலவசம், சில விலைக்கு. குழந்தை உடுப்பு மட்டுமே எடுத்துக்கொண்டாலும், குறைமாதத்தில் பிறந்த சிசுவின் தொப்பியிலிருந்து பதினைந்து வயதுப் பெண்ணின் கார்டிகன் வரை அங்கே இருக்கிறது. இத்தனை குவிந்து கிடப்பதுதான் சிக்கலும். 'பேபி ஸ்வெட்டர்' என்று தட்டி, முதல் பக்கத்தில் கண்ணைக் கவரும் படத்தை இறக்கி, அப்படியே பின்ன உட்கார்ந்தால் உடுப்பு பிள்ளைக்குச் சேராமல் போக வாய்ப்பு அதிகம்.

காரணம், வயதுப் பிரிவு. குறைமாதம், பிறந்த குழந்தை, கைக்குழந்தை, நடைபழகும் பிள்ளை, சிறுவர், பதின்வயது என்று வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் 'சிறுவர்' என்று குறித்த பேட்டர்ன் ஒன்றில் 2 முதல் 6 வயது வரைதான் அளவு இருக்கும். இன்னொன்றில் 4 முதல் 12 வரை இருக்கும். பேட்டர்ன் பக்கத்தில் அளவு விவரத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே வயதை வைத்து வடிகட்டுங்கள், மார்பளவை வைத்து முடிவெடுங்கள். அமெரிக்க நூல் தொழில் அமைப்பு வெளியிட்ட தர அளவுகளைக் கையில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்: 6 மாதம் 43 செ.மீ., 12 மாதம் 45.5, 2 வயது 53, 4 வயது 58.5, 6 வயது 63.5, 8 வயது 67, 10 வயது 71, 12 வயது 76. நம் பிள்ளைகள் பலர் இதைவிட ஒல்லி. அதனால் அட்டவணையைவிட இன்ச் டேப்பை நம்புவது மேல். இவை உடம்பின் அளவுகள் என்பது இன்னொரு முக்கியமான விஷயம். சில பேட்டர்ன்களில் உடம்பின் சுற்றளவைத் தருவார்கள், சிலவற்றில் பின்னி முடித்த உடுப்பின் சுற்றளவை. சாதாரண ஸ்வெட்டருக்கு உடம்பைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். பேட்டர்னில் 63.5 என்று போட்டிருப்பது முடித்த உடுப்பின் அளவானால் 6 வயதுப் பிள்ளைக்கு அது பனியன் போல ஒட்டிக்கொள்ளும். தொப்பிக்கு நேர்மாறு: தலைச்சுற்றளவைவிட 3, 4 செ.மீ. குறைவாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும்.

தளத்தின் உண்மையான மதிப்பு பேட்டர்னில் இல்லை, அதன் பக்கத்திலேயே இருக்கும் 'புராஜெக்ட்ஸ்' பகுதியில் இருக்கிறது. அந்தப் பேட்டர்னை ஏற்கெனவே பின்னியவர்கள் எந்த நூல், எந்த ஊசி, எத்தனை மீட்டர், எங்கே தடுமாறினார்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். உதவியான குறிப்பு என்று மற்றவர்கள் குறித்தவற்றை முதலில் படிக்கலாம். 'கழுத்து தலையில் இறங்கவில்லை', 'கை நீளம் அதிகம்' என்று நான்கைந்து பேர் சொல்லியிருந்தால் அது பின்னியவர் தவறு இல்லை, பேட்டர்னின் குறை. குழந்தைகளின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது என்பதால் கழுத்துப் புகார் அடிக்கடி வரும். கழுத்துப் பட்டையை முடிக்கும் கண்ணிகளை (பின்னலின் வளையங்களை)த் தளர்வாக, ஒரு அளவு பெரிய ஊசியால் முடித்தால் பெரும்பாலும் தீரும். புராஜெக்டே இல்லாத பேட்டர்ன், அதிலும் விலைக்கு என்றால், தொடக்கநிலைக்காரர்கள் தள்ளி நிற்பது நல்லது. படம் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. படத்தில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரே அளவுதான்.

எண்ணில் குழம்புவது ஊசியில்தான். தளத்தில் அமெரிக்க எண்ணும் மில்லிமீட்டரும் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் ஊசி பழைய பிரிட்டிஷ் எண்ணில் கிடைக்கிறது. அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. கடையில் 8-ஆம் நம்பர் கேட்டால் கையில் வருவது 4 மி.மீ. இதில் வேடிக்கை, அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற மெலியும். கடையில் 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ.; அதே அளவு அமெரிக்கக் கணக்கில் 3. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 செ.மீ.க்கு 18 கண்ணி வர வேண்டிய பேட்டர்னில் உடம்புக்கு 120 கண்ணி என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு கிட்டத்தட்ட 67 செ.மீ. மெல்லிய ஊசியில் 21 கண்ணி விழுந்தால் அதே 120 கண்ணி 57 செ.மீ.யில் முடிந்துவிடும். 6 வயதுக்குப் பின்னியது 2 வயதுப் பிள்ளைக்குப் போகும். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, நனைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். நனைக்காமல் எண்ணுவது வீண். பருத்தி கழுவியபின் மாறும்.

குரோஷேக்காரர்களுக்கு வேறு பொறி. ஒரே பெயர் இரு நாட்டில் இரு வகைக் கண்ணியைக் குறிக்கும். அமெரிக்க 'டபுள் குரோஷே'தான் பிரிட்டனில் 'ட்ரெபிள்'. பிரிட்டனில் 'டபுள் குரோஷே' என்றால் அமெரிக்காவின் 'சிங்கிள்'. அமெரிக்கப் பேட்டர்னைப் பிரிட்டிஷ் கணக்கில் பின்னினால் ஒவ்வொரு வரிசையும் உயரம் குறைந்து, கவுன் பலகை போல விறைக்கும். பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே கிடையாது.

நூலுக்கும் அப்படியே. 'ஃபோர் பிளை' என்ற பெயரை வைத்து நூல் வாங்காதீர்கள். பிளை என்பது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதுதான், தடிமன் அல்ல. பேட்டர்ன் பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள், கடை நூல்கண்டின் சீட்டிலும் அதையே தேடுங்கள். சென்னை, மதுரை வெயிலுக்குக் கம்பளி பேட்டர்னைப் பருத்தியில் பின்னுவோர் கவனிக்க: அதே தடிமனில் பருத்தி கனம், ஒரு கிராமுக்கு மீட்டர் குறைவு. கிராம் கணக்கில் வாங்கினால் கையின் பாதியில் நூல் தீரும். பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மையும் இல்லை. கை முனை, இடுப்புப் பட்டைகளை சற்று மெல்லிய ஊசியில் பின்ன வேண்டும்.

8 வயதைத் தாண்டினால் தளத்தில் தெரிவு சட்டென்று மெலிகிறது. கைக்குழந்தை உடுப்பு சிறியது, சீக்கிரம் முடிவது, பரிசளிக்க ஏற்றது. வடிவமைப்பாளர்களும் அங்கேதான் குவிகிறார்கள். 10, 12 வயதுக்கு ஒரு வழி, பெண்களுக்கான பேட்டர்னில் மிகச் சிறிய அளவைப் பார்ப்பது. அதன் தர மார்பளவு 71 முதல் 76 செ.மீ., 10, 12 வயதுப் பிள்ளையின் அளவேதான். ஆனால் அக்குளிலிருந்து கை நீளம் பெரியவர்களுக்கு 42 செ.மீ., 10 வயதுக்கு 34.5, 12 வயதுக்கு 38. கையைச் சுருக்காவிட்டால் விரல் வெளியே தெரியாது. மார்புக்காக வளைத்த வடிவங்களையும் தவிர்க்கவும்.

எல்லா வயதும் ஒரே பேட்டர்னில் வேண்டுமென்றால் டின் கேன் நிட்ஸ் என்ற வடிவமைப்பாளர்களின் 'ஃபிளாக்ஸ்' ஸ்வெட்டரைத் தேடுங்கள். இலவசம். பிறந்த குழந்தையிலிருந்து பெரியவர்களின் மிகப் பெரிய அளவு வரை. கழுத்திலிருந்து கீழே, தையல் இணைப்பின்றி வட்டமாகப் பின்னுவது, 5 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 18 கண்ணி. அண்ணன் தம்பி மூவருக்கு ஒரே மாதிரி பின்ன இதைவிட எளிது இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டால் கை முனையை அவிழ்த்து நாலு விரல் நீட்டலாம். முதல் ஸ்வெட்டருக்கு இதையே சிபாரிசு செய்வோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இலவசம் என்று வடிகட்டினால் வெளித்தளங்களுக்குப் போகும் சுட்டிகளும் வரும், அவற்றில் செத்துப்போனவையும் உண்டு. ரேவல்ரியிலிருந்தே இறக்கக்கூடியவை என்ற வடிகட்டியைச் சேர்த்துப் போடவும். 2020-இல் தோற்றத்தை மாற்றியபோது தலைவலி, கண்கூச்சம் என்று பயனர்கள் பலர் முறையிட்டார்கள். கைக்குழந்தைப் பொம்மை, உடுப்புகளில் பாதுகாப்பும் நீங்களே பார்க்க வேண்டியது: தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு இருந்தால் விட்டுவிட்டுப் பொத்தான் வைக்கவும் (ஐரோப்பிய விதிகள் 7 வயதுக்குக் கீழ் அதை அனுமதிப்பதில்லை), பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் வேண்டாம், நூலால் தைக்கவும், ஓட்டைப் பின்னலில் சிசுவின் விரல் மாட்டும்.

கணக்குத் திறக்கவே வேண்டாம் என்போருக்கு நார்வேயின் ட்ராப்ஸ் தளம். எல்லாமே இலவசம், வயதோடு உயரமும் செ.மீ.யில் உண்டு. ஆனால் எல்லா அளவுகளின் எண்களும் ஒரே வரியில் கோடு போட்டு நெருக்கியிருக்கும். உங்கள் அளவை முதலிலேயே வட்டமிடாவிட்டால் தொலைந்தீர்கள். 'அதே சமயம்' என்று பத்தியின் நடுவில் வரும் சொற்களையும் அடிக்கோடிடுங்கள்; கழுத்து வளைவுக்குக் கண்ணி குறைப்பது அங்கேதான் ஒளிந்திருக்கும். அங்கே நூல்களை ஏ முதல் எஃப் வரை பிரித்திருப்பார்கள். ஏ நூல் இரண்டிழை சேர்த்தால் சி நூல் ஓரிழைக்குச் சமம். தடித்த நூல் கிடைக்காத ஊரில் இது உதவும்.

ரேவல்ரியில் விலைக்கு வாங்கியது உங்கள் நூலகப் பகுதியில் இருக்கும். வடிவமைப்பாளர் பிழை திருத்தினால் புதிய பதிப்பு அங்கேதான் வரும். சென்ற வருடம் அச்செடுத்த தாளை வைத்து இரண்டாவது ஸ்வெட்டர் தொடங்குமுன் ஒருமுறை அங்கே எட்டிப் பார்த்துவிடுங்கள்.